தாலுகா ஆபீசில் வேலை நின்றுவிட்டால்: ஜமாபந்தியா, தகவல் உரிமையா, லஞ்ச ஒழிப்பா, ஹைகோர்ட்டா?

காங்கேயம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயரில் நாலு ஏக்கர் மேட்டாங்காடு, ஒரு கிணறு. பிள்ளைகள் இரண்டு பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள். இனி உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா வர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, ரசீதும் வாங்கியாயிற்று. சர்வேயர் மட்டும் அளக்க வரவில்லை. கேட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாங்கண்ணா" என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை.

சோமனூரில் தறி ஓட்டுகிற ஒரு பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருக்கிறார். 2023இல் அதை மாதம் 1200 ரூபாயாக்கினார்கள். மனு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இரண்டு பேர் பக்கமும் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டா வராதவரை தன் பெயரில் சிட்டா இல்லை; சிட்டா இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. விதைக்கும் உரத்துக்கும் வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். தறிக்காரப் பெண்மணிக்கோ ஆபீசுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. வறுமைக்கு மழையையும் நூல் விலையையும் காரணம் சொல்கிறோம். மேசையில் அசையாமல் கிடக்கிற கோப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எந்த வழியில் போவது என்பதுதான் கேள்வி. நம் ஊரில் பெரும்பாலும் 'யார் பெரியவர்' என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாசில்தாரைவிடக் கலெக்டர் பெரியவர், கலெக்டரைவிட முதலமைச்சர் பெரியவர், எல்லோரையும்விட ஹைகோர்ட் பெரியது என்று மேலே மேலே போகிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கச் சொல்வேன். அந்த வழியில் ஒரு கெடு இருக்கிறதா? கெடு தவறினால் பெயர் சொல்லி ஒரு அலுவலரின் கையைக் கடிக்குமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அது வழி. இல்லாவிட்டால் நீங்கள் நிற்பது இன்னொரு வரிசையில்.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத வழியைப் பேசிவிடலாம். புரோக்கரைப் பிடித்து 'கவனித்துவிடுவது'. பல நேரம் வேலை முடியும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முடிவதால்தான் அது நிலைத்திருக்கிறது. ஆனால் 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறைக்கு வழியுண்டு. நிர்ப்பந்தத்தால் கொடுத்திருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பிக்கலாம். எட்டாம் நாள் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இடையில் நிற்கும் புரோக்கரையும் 7அ என்று தனிப் பிரிவு போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். இது தெரியாமல்தான் பாதிப் பேர் ஜி-பேயில் அனுப்பிவிட்டு அதையே ஆதாரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆதாரம்தான், தங்களுக்கு எதிராகவும்.

எம்.எல்.ஏ. ஆபீஸ், ஒன்றியச் செயலாளர், வார்டு கவுன்சிலர் என்று போவது இதற்கு அண்ணன் தம்பி. பணம் கேட்க மாட்டார்கள், சரி. ஒரு போன் போட்டால் கோப்பு அசையவும் செய்யும். ஆனால் உரிமையாக வர வேண்டியது உபகாரமாக வந்து சேர்கிறது. அடுத்த தேர்தலில் அந்த நன்றி வாசலில் வந்து நிற்கும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீடு என்று பெயர் வாங்கியவருக்கு அந்தப் போனும் கிடைக்காது. ஓட்டு என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிற கருவி. சிபாரிசு வாங்கிய வீடு எப்படிக் கணக்குக் கேட்கும்?

அப்புறம், சுவரில் மாட்டியிருக்கும் குடிமக்கள் சாசனம். எந்தச் சேவைக்கு எத்தனை நாள் என்று அட்டவணை இருக்கும். தவறினால் என்ன என்பது மட்டும் இருக்காது. தாளவாடிக்காரர்களைக் கேட்டால் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். அவர்களுக்கு ஈரோட்டைவிடச் சாம்ராஜ்நகர் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2011 முதல் சேவை உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. சகாலா என்று பெயர். குறித்த நாளுக்குள் வேலை முடியாவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு. அது அந்த அலுவலரிடமிருந்தே வசூலாகும். 500 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் தன் சம்பளத்திலிருந்து, தன் பெயரில் போகிறது என்றால் உறுத்தும். நம் பக்கம் சேவை உரிமைச் சட்டம் என்பது நீண்டகாலக் கோரிக்கையாகவே இருந்து வந்திருக்கிறது. கீழே சொல்லும் வழிகள் எல்லாம் ஒரு விதத்தில் அந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் எல்லோருக்கும் பழக்கமானது. அதன் பலம், மனுவுக்கு எண் கிடைக்கிறது. அரசு உதவி எண் 1100க்குப் போன் செய்தாலும் மனு எண் உண்டு. பலவீனம், மனு சுற்றிச் சுற்றி யாரைப் பற்றிப் புகாரோ அந்த ஆபீசுக்கே வந்து சேர்கிறது. "மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் போட்டு முடித்துவிடவும் முடியும். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கோவைக்கு வருகிறவருக்கும், திம்பத்தின் 27 வளைவு தாண்டி ஈரோட்டுக்கு வருகிறவருக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய் இந்த ஒரு வரிதான் மிச்சம் என்றால் ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, மனு நாளும் இருந்தது.

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கலெக்டர் கவனமாகப் பார்க்கிறவராக இருந்தால் அந்த மாவட்டத்தில் இதுதான் வேகமான வழி. ஆனால் அது அமைப்பின் பலம் இல்லை, ஆளின் பலம். ஆள் மாற்றலானால் அதுவும் மாறிப்போகும்.

ஜமாபந்தியை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதில் முடிகிறது. அது முடிவதற்குள், பெரும்பாலும் மே, ஜூனில், தாலுகா ஆபீசில் வருவாய்த் தீர்வாயம் நடக்கும்; அதுதான் ஜமாபந்தி. இந்தக் கிராமங்களுக்கு இந்த நாள் என்று முன்பே அறிவிப்பார்கள். ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) தன் கிராமக் கணக்குகளை எடுத்துக்கொண்டு வந்து தணிக்கைக்கு வைக்க வேண்டும். இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகத் தீர்வை பேசுகிற ரயத்வாரி முறை, சேலத்தை ஒட்டிய பாரமகாலில்தான் 1790களில் ரீடும் மன்றோவும் கையில் எடுத்துப் பார்த்தது. வரி வசூலிக்க வந்த ஏற்பாடு இன்று மனு வாங்குகிற ஏற்பாடாக மிஞ்சியிருக்கிறது.

இதில் என்ன விசேஷம் என்றால், மற்ற நாட்களில் "வி.ஏ.ஓ. பீல்டுக்குப் போயிருக்காரு", "ரெக்கார்டு அங்க இருக்கு", "ஆர்.ஐ. லீவு" என்று மூன்று பேர் மூன்று திசையில் கை காட்டலாம். ஜமாபந்தி அன்று அது முடியாது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), சர்வேயர், தாசில்தார், மேலே ஜமாபந்தி அலுவலராகக் கலெக்டரோ மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ.வோ கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வோ, எல்லோரும் கணக்கோடு ஒரே இடத்தில். பெயர்த் திருத்தம், உட்பிரிவு தேவையில்லாத பட்டா மாறுதல் போன்றவை அங்கேயே முடிய நல்ல வாய்ப்பு. உட்பிரிவு அங்கேயே ஆகாது, நிலத்தில் சங்கிலி பிடித்தாக வேண்டும். ஆனால் மேலதிகாரி முன்னால், எல்லோர் காதும் கேட்க, "இந்தத் தேதிக்கு அளக்கிறேன்" என்று சர்வேயரைச் சொல்ல வைக்கலாம். குறை ஒன்றுதான்: ஆண்டுக்கு ஒருமுறை. ஆடியில் பிரச்சினை வந்தால் அடுத்த வைகாசிவரை காத்திருக்க முடியாது.

ஆடியில் வந்தால் என்ன செய்வது? அங்கேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

இதற்கு முன்னால் ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி தாசில்தார் உத்தரவு தப்பு என்றால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே டி.ஆர்.ஓ. இருக்கிறார். ஆனால் மேல்முறையீடு செய்ய ஒரு உத்தரவு வேண்டுமே! முடியாது என்று எழுதிக் கொடுத்தால்தானே மேலே போக முடியும்? எழுதாமலே வைத்திருந்தால் நீங்கள் அந்தச் சட்டத்தில் படி ஏற முடியாது. லஞ்சம் வாங்கத் தெரிந்த ஆபீஸ் ஒருபோதும் மறுக்காது; சும்மா வைத்திருக்கும். அந்த மௌனத்தை எழுத்தாக மாற்றுகிற கருவிதான் தகவல் உரிமை மனு.

2005ஆம் ஆண்டுச் சட்டம் இது. தமிழ்நாடு 1997இலேயே சொந்தமாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது. விதிவிலக்குகள் அதிகமாகிப் பல் இல்லாமல் போயிற்று. 2005 சட்டத்துக்கு வேர், ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பின் தலைமையில் 1990களில் கூலிக்காரர்கள் நடத்திய போராட்டம். வேலை செய்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டில் முழுக் கூலி எழுதியிருந்தார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். ஊர்ப் பொதுவில் படித்துக் காட்டினார்கள். ஊழலும் வறுமையும் ஒரே பேரேட்டில் எழுதியிருந்தன என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று வைத்தால் அந்தப் பத்தும் வேண்டாம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை, அந்தத் தகவல் அலுவலர் மேலேயே தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு இருக்கிறதா? இருக்கிறது. கையைக் கடிக்குமா? கடிக்கும்.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம். "ஏன் என் பட்டா வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, காரணம் விளக்குவது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். என் விண்ணப்ப எண் இது, இதன் மேல் நாள்வாரியாக எடுத்த நடவடிக்கையின் நகல். கோப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தப் பதவியில் உள்ளவரிடம், என்ன பெயர் உள்ளவரிடம் இருந்தது. எனக்குப் பின்னால் வந்த உட்பிரிவு விண்ணப்பங்களில் எத்தனை முடிந்தன, எந்தத் தேதியில். கடைசிக் கேள்விதான் உயிர். வரிசை தாண்டி யாருக்காவது முடிந்திருந்தால் அந்தப் பதில் தாளே சாட்சி. ஆனால் அங்கே மற்றவர்களின் பெயரைக் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியிருக்கிறது. தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுக்க இப்போது இன்னும் வசதி. எண்ணிக்கையும் தேதியும் போதும்.

இந்த மனு போனதுமே பல கோப்புகள் அசைந்துவிடும், பதில் வருவதற்குள் சர்வேயர் வந்துவிடுவார் என்பதுதான் இதன் நிஜமான பலன். பலிக்காத இடமும் உண்டு: ஆணையம்வரை போனால் இழுக்கும், மாதக்கணக்கில். சின்ன ஊரில் ஆபீசுக்கு எதிராக எழுதியவர் என்று பெயரும் வரும். தனியாக எழுதத் தயங்குகிறவர்கள், ஒரே தாலுகாவில் காத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு மனுவாக ஒரே வாரத்தில் அனுப்புவது நல்லது.

இனி, வெளிப்படையாகப் பணமே கேட்டுவிட்டார்கள் என்றால்? அப்போது தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருப்பது நேர விரயம். நேராக லஞ்ச ஒழிப்புத்துறைதான். 1964இல் தொடங்கிய துறை; மாவட்டத் தலைநகரங்களில் பிரிவு இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால், நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, சாட்சிகளோடு அனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். பேப்பரில் வாரத்துக்கு ஒருமுறை படிக்கிற 'ரசாயனம் தடவிய நோட்டு' இதுதான். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுப்பதால் கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை. வாங்கியவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை தண்டனை.

இந்த வழிக்குத் துணிச்சல் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். பிடிபடுவது ஒரு நாள் செய்தி. வழக்கு பல ஆண்டு. நீங்கள்தான் முதல் சாட்சி, வாய்தாவுக்கு வாய்தா போக வேண்டும். நடுவில் உறவுக்காரரும் ஊர்ப் பெரியவரும் வந்து, "பாவம், புள்ளகுட்டிக்காரன், உட்டுருங்க" என்பார்கள். முன்பெல்லாம் புகார்தாரர் பிறழ்ந்தால் வழக்கே கவிழ்ந்துவிடும் என்று நினைத்தார்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில், புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும் சூழ்நிலைச் சாட்சியத்தைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்கலாம் என்று தெளிவாக்கியது. நல்லதுதான். ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: இந்த வழியின் இலக்கு அலுவலரின் தண்டனை, உங்கள் பட்டா இல்லை. ஆகவே இதோடு பட்டாவுக்கான எழுத்து வேலையையும் நிறுத்தாமல் நடத்த வேண்டும்.

ஹைகோர்ட் ரிட், அதாவது அலுவலகத்துக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்கிற மனு, பற்றி ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை, கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குச் சென்னை. அவ்வளவு தூரம் போய்ப் பெரும்பாலும் கிடைப்பது, "மனுதாரரின் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவிடவும்" என்பதுதான். பட்டா கொடு என்று இல்லை, முடிவெடு என்று. இதையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம், மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. கெடு இருக்கிறது, பயம் இருக்கிறது. ஆனால் தபால் ஒப்புகை, மனு எண், தகவல் உரிமைப் பதில் இல்லாமல் போனால் வக்கீல் முதலில் இவற்றைத்தான் சேர்த்துக்கொண்டு வரச் சொல்வார். செலவுக்குப் பயப்படும் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும்.

ஊரே பாதிக்கப்பட்ட விஷயத்தில் ஹைகோர்ட்டின் கணக்கு வேறு. நொய்யல் ஆறு அதற்குச் சாட்சி. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு 2006இல் தீர்ப்பு வாங்கினார்கள், 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்புறமும் கழிவு நிற்காமல் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. தீர்ப்புக்கும் பூட்டுக்கும் நடுவில் நாலு ஆண்டுக்கு மேல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் வேலையை ஆரம்பத்திலேயே செய்திருந்தால், விவசாயி நிலத்தை இழந்திருக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் பட்டறைகள் மூடித் திருப்பூர்த் தொழிலாளி வேலையிழந்திருக்கவும் வேண்டியதில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தனிப்பட்ட பட்டாவுக்கு அதனால் பயன் குறைவு. பயனாளிப் பட்டியல், தண்ணீர், ரோடு என்றால் தீர்மானம் போடுவது பலம். 2019இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் பஞ்சாயத்து போனபோது, கேள்வி கேட்க ஊர் இருந்தும் பதில் சொல்லத் தலைவர் இல்லாமல் போயிற்று. லோக் ஆயுக்தா, 2018இல் சட்டமானது, ஊழல் புகாரை விசாரிப்பதற்கானது. சர்வேயர் வராததற்கு அங்கே போக வேண்டாம்.

ஆக, காங்கேயத்துக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுப்பது? பங்காளி யாராவது ஆட்சேபனை கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் இது தாலுகா ஆபீஸ் சங்கதியே இல்லை, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இல்லை என்றால், சித்திரை, வைகாசியாக இருந்தால் ஜமாபந்தி. மற்ற மாதங்களில் திங்கட்கிழமை மனு ஒன்று கொடுத்து எண் வாங்கி, அதே வாரம் தகவல் உரிமை மனு. பதிலில் வரிசை தாண்டிய விவரம் கிடைத்தால் அதை வைத்து ஆர்.டி.ஓ.வுக்கு. முப்பதும் முப்பதும் அறுபது நாள் தாண்டி ஒன்றும் நடக்காவிட்டால்தான் வக்கீல். இடையில் எப்போது காசு கேட்டாலும் கொடுப்பதற்கு முன்னால் லஞ்ச ஒழிப்புத்துறை.

சோமனூர் பெண்மணிக்கு நான் கலெக்டர் ஆபீசைக்கூடச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் தறி நின்றால் அவருக்குக் கூலி இல்லை. வீட்டில் இருந்தபடியே எழுதிப் போடுகிற தகவல் உரிமை மனுதான் அவருக்கு மலிவு. பத்து ரூபாய் ஸ்டாம்பும் தபால் செலவும். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் நிராகரித்த உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும், நிலுவையில் இருந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை அறிக்கைகளின் நகலைக் கேட்க வேண்டும். அந்த அறிக்கையில் மகன் சம்பாதிக்கிறான் என்றோ சொத்து இருக்கிறது என்றோ தப்பாக எழுதியிருப்பது தெரிந்தால், அதை மறுக்கிற சான்றோடு மேலே போகலாம். வட்ட சட்டப் பணிகள் குழு அந்த மேல்முறையீட்டை இலவசமாகவே எழுதிக் கொடுக்கும்.